அண்ணனின் எக்கோ பெட்டி

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுவிட்டது.

நாளை அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அண்ணன் உயிரோடு இல்லை. மேடையில் அவர் இடத்தில் நான் நாலு வார்த்தை பேச வேண்டும். அந்தப் பயத்தில்தான், பல வருடமாக அலமாரியில் கிடந்த அவருடைய கித்தார் எஃபெக்ட்ஸ் பெட்டியை, சத்தத்தை எதிரொலிக்க வைக்கும் பெட்டியை, எடுத்துத் துடைத்து, சுவிட்சைப் போட்டேன். சூடேறியதும் காய்ந்த மிளகாய் வாடை வந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது மார்க்கெட் ஸ்திரீட்டில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். அண்ணன் கித்தாரோடு மைக்கையும் அந்தப் பெட்டியில் செருகிப் பாடுவார். கீழே மிளகாய் மூட்டையைப் பிரித்தால் பாட்டு நடுவில் தும்முவார். எக்கோ அதையும் திருப்பித் திருப்பிச் சொல்லும்.

"ஊரே தும்முற மாதிரி இருக்குலா, அத அடைடா!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவார்.

வீட்டுக்கு யாராவது வந்தால் நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒருநாள் அண்ணன் மைக்கை என் கையில் திணித்தார்.

"ஒம்பேர மட்டும் சொல்லு தம்பி. மிச்சத்த பெட்டி பாத்துக்கும்."

முணுமுணுத்தேன். என் பெயர் அறை முழுக்கச் சுற்றி வந்தது. அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"யாரு, நம்ம ஊமைக்கோட்டானா பேசுனது?"

இன்று அதே மைக்கில், "நான் பொண்ணோட சித்தப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். பெட்டி அதைத் திரும்பவும் சொன்னது. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை.