மன்றத்தில் டீ தாமதமான நாள்

நகராட்சி மன்றக் கூட்டத்துக்குத் தலைவரம்மா தாமதமாக வந்ததுண்டு. ஆணையரும் அப்படி வந்ததுண்டு. மின்சாரம் வராமலே போனதும் உண்டு. டீ மட்டும் ஒருநாளும் தாமதமானதில்லை. அந்தப் பெருமையோடுதான் அவளுக்கு டீக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்த கணக்கரும் டீக்கா என்பார், நேற்று சேர்ந்த பெண்ணும் டீக்கா என்பாள். வீட்டில் மட்டும் அவள் 'இந்தா'.

அவளுடைய இடம் மன்றக் கூடத்தை ஒட்டிய சின்ன அறை. ஓர் அடுப்பு, ஒரு குழாய், கால் ஆடும் மேசை. இரண்டுக்கும் நடுவில், தள்ளினால் திறக்கும் கதவு ஒன்று. கூடத்தில் யார் இருமினாலும் அவளுக்குக் கேட்கும். யாருக்கு எப்படி டீ என்பது அவளுக்கு மனப்பாடம். கடைசி வரிசைக் கவுன்சிலருக்குச் சர்க்கரை நோய். மனைவியின் கண்ணுக்கு எட்டாத இடம் என்பதால் இரண்டு கரண்டி கேட்பார். டீக்கா அரைக் கரண்டி போட்டு, சத்தம் வர நெடுநேரம் கலக்கி, "ரெண்டு போட்டிருக்கேன், போதுமா பாருங்க" என்பாள். "இதுதான் டீ!" என்று அவரும் குடிப்பார்.

அந்த மன்றத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. டீ வரும் நேரத்தில் படிக்கப்படும் தீர்மானத்தை யாரும் எதிர்ப்பதில்லை. கோப்பைகள் கைமாறும், பிஸ்கட் தட்டு ஒரு சுற்றுப் போகும், அந்தச் சலசலப்பில் மன்ற எழுத்தர் கடகடவென்று படித்து முடிப்பார். ஒரு கையில் கோப்பையைப் பிடித்தபடி மறு கையால் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். தட்டினால் நிறைவேறியது என்று பொருள். அதனால் எந்தப் பொருளுக்கு டீ வரவேண்டும் என்பதை எழுத்தர் முன்கூட்டியே அவளிடம் சொல்லிவைப்பார். முன்பிருந்தவர் மாற்றலாகிப் போகும்போது புதியவருக்கு அலமாரிச் சாவியோடு இந்த வித்தையையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாக்கடை மூடியும் தெருவிளக்கும்தானே, யாருக்கு நஷ்டம் என்று டீக்காவும் இருந்துவிட்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் புதிய எழுத்தர் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார்.

"டீக்கா, நாளைக்கு வண்டி நிறுத்தம் வரும்போது டீ வந்துடணும்."

"எந்த வண்டி நிறுத்தம் சார்?"

"தொட்டிப் பூங்காவை எடுத்துட்டு பைக் நிறுத்தற இடமாக்கப் போறாங்க. அங்க என்ன இருக்கு? நாலு மரம், காலை இழுத்துக்கிட்டு ஒரு ஆளு. ஒரு பய போறதில்ல."

டீக்கா கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். காலை இழுத்துக்கொண்டு நடக்கும் அந்த ஆள் அவள் கணவன் என்பது எழுத்தருக்குத் தெரியாது.

அவர் குழாய் பதிக்கும் வேலையில் இருந்தவர். ஆள் பள்ளத்தில் இறங்கினால் தெருவே பேச்சுக் கேட்க நிற்கும், அவ்வளவு நையாண்டி. பக்கவாதம் வந்து ஒரு பக்கத்தை முடக்கிப்போட்டபோது பேச்சும் போயிற்று, நையாண்டியும் போயிற்று. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். பாவப்பட்டு யாரோ பூங்காக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார்கள். முதல் நாள் வாசலிலிருந்து முதல் பெஞ்சுவரை நடந்தார். பிறகு அடுத்த பெஞ்சு. பூங்காவை முழுதாகச் சுற்றி வந்த அன்று வீட்டுக்கு வந்து, ஒரு பக்கம் கோணிய வாயோடு, "இந்தா, இன்னிக்கு உலகத்தைச் சுத்திட்டேன்" என்றார். நோய்க்குப் பிறகு அவர் பேசிய முதல் கேலி அது. அந்த ராத்திரி டீக்கா தலையணைக்குள் அழுதாள்.

பூங்கா போனால் அவரை வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்தால் அந்த மனுஷன் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அவளுடைய பயமெல்லாம் அதுதான்.

அவருக்கும் சேதி எட்டியிருந்தது.

"நம்ம பூங்கா நாளைக்குக் கூட்டத்துல வருதாமே?" என்றார், சட்டைப் பித்தானோடு ஒற்றைக் கையால் மல்லுக்கட்டிக்கொண்டே.

"வருதாம்."

"நீ யார் கால்லயும் போய் விழக்கூடாது. அந்தக் கூடத்துல நீ நிமிர்ந்து நடக்கற. அதை எனக்காகக் கெடுத்துக்காத."

"நான் வாயே திறக்கல. போதுமா?" என்று பித்தானைப் போட்டுவிட்டாள்.

மறுநாள் டீ எப்போதும்போல நேரத்துக்குத் தயார். கோப்பைகளில் ஊற்றித் தட்டைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்தாள். உள்ளே எழுத்தர், "அடுத்த பொருள், தொட்டிப் பூங்கா" என்றார். தோளால் கதவைத் தள்ள வேண்டியதுதான் பாக்கி. அவள் தள்ளவில்லை. கோப்பைகள் கிணுகிணுக்க, சத்தம் உள்ளே போய்விடுமோ என்று தட்டை மெல்ல மேசைமேல் இறக்கிவைத்தாள். டீயின்மேல் ஆடை படிந்தது; இத்தனை வருஷத்துப் பேரும் அதோடு ஆறிப்போவதைப் பார்த்தபடி நின்றாள்.

உள்ளே எழுத்தர் தொண்டையைச் செருமினார், கதவைப் பார்த்திருப்பார்.

"டீ எங்கய்யா?" இது கடைசி வரிசை.

"வரும் வரும். வர்ற வரைக்கும் நீங்க படிங்க. சும்மாத்தானே உட்கார்ந்திருக்கோம்," என்றார் தலைவரம்மா.

எழுத்தருக்கு வேறு வழியில்லை. கோப்பைச் சத்தம் இல்லாத கூடத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. "மேற்படி பூங்கா பொதுமக்கள் பயன்பாடின்றி இருப்பதால்..."

"ஒரு நிமிஷம்," என்று ஒரு பெண்குரல். ஆஸ்பத்திரித் தெருவின் கவுன்சிலர், அதிகம் பேசாதவர். "பயன்பாடு இல்லைன்னு யார் சொன்னது? எங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்ப தெருவுல நடக்க முடியல, வண்டி இடிச்சுரும். அங்கதான் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒருத்தர் காவலுக்கு இருக்கார். அவரும் காலை இழுத்துதான் நடப்பார். ரெண்டு பேரும் பந்தயம் கட்டிக்கிட்டு நடப்பாங்க, யார் மெதுவா வர்றதுன்னு. தினமும் அவர்தான் ஜெயிப்பார். எங்கம்மா திட்டிக்கிட்டே நடந்து தேறிட்டாங்க."

கூடம் சிரித்தது. கடைசி வரிசைக்காரரும், "என்னையும் டாக்டர் நடக்கத்தான் சொல்றார்," என்று முனகினார். கதவுக்கு இந்தப் பக்கம் டீக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இந்தப் பந்தயம் பற்றி மனுஷன் வீட்டில் மூச்சுவிட்டதில்லை.

"சரி, யாரும் பார்க்காம முடிவு பண்ண வேணாம்," என்றார் தலைவரம்மா. "அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வருவோம். ஒத்திவைங்க."

அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

"என்ன டீக்கா, தேயிலை பறிக்கத் தோட்டத்துக்கே போயிட்டீங்களா?" என்றார் கடைசி வரிசை.

"ஆமாங்க, வர்ற வழியில பஸ் இல்ல," என்றாள். குற்ற உணர்வில் அன்று அவருக்கு முக்கால் கரண்டி போட்டிருந்தாள். எழுத்தர் கோப்பையை வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் நிமிர்ந்தே நடந்தாள்.

சாயங்காலம் கணவர் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார்.

"ஒத்திவைச்சுட்டாங்களாமே? யார்கிட்டயாவது சொன்னியா?"

"சத்தியமா ஒரு வார்த்தை பேசல."

"அப்புறம் எப்படி?"

"டீ லேட்டாயிடுச்சு."

"உன் டீயா?" அவர் முகத்தில் அந்த ஒரு பக்கச் சிரிப்பு மெதுவாக வந்தது. "அடிப்பாவி," என்றார். நல்ல கையால் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"ஆமா, அந்தம்மாகூட என்னங்க பந்தயம்?"

"மெதுவா நடக்கறதுல என்னை யாரும் ஜெயிக்க முடியாது," என்று உள்ளே போனார்.

அடுத்த வாரம் மன்றத்தார் பூங்காவுக்கு வந்தார்கள். டீக்கா பெரிய பிளாஸ்கோடு முன்னதாகவே வந்து வாசல் அறையில் நின்றாள். அவர் சலவைச் சட்டையில் எல்லோரையும் சுற்றிக் காட்டினார். அவர் வேகத்துக்குத்தான் எல்லோரும் நடக்க வேண்டியிருந்தது. கடைசி வரிசைக்காரர் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரித் தெருக் கவுன்சிலர் தன் அம்மாவைக் கூட்டி வந்திருந்தார். "இன்னிக்கு உன்னை விடமாட்டேன்பா," என்று அந்தம்மா ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். தலைவரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நிழலில் காலை நீட்டினார்.

முடிவு வரும் கூட்டத்தில்தான். அது எப்படி வருமோ, யாருக்குத் தெரியும்.

டீக்கா பிளாஸ்கைத் திறந்து, டீ ஊற்றக் கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். அவர் மெல்ல நடந்து வந்து அவள் காதருகே குனிந்தார்.

"இந்தா, அவசரப்படாத. கொஞ்ச நேரம் உட்காரட்டும்."

அவள் பிளாஸ்கின் மூடியை மறுபடி இறுக்கித் திருகினாள்.