எந்தக் கோடு?

பரளச்சி பக்கம் நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளிக்கு, பார்வையில்லாத பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியை ஒருவர் வாரம் ஒருநாள் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். அட்டையில் நூல் ஒட்டி முக்கோணம், வட்டமெல்லாம் செய்து கொண்டுவருவார். பிள்ளையிடம் கொடுக்கும் முன் தானே கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். எங்காவது நூல் நெருடினால் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார்.

எட்டாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி இருந்தாள். வடிவியல் நடத்தும் நாட்களில் அவளை நூலகத்தில் போய் உட்காரச் சொல்லிவிடுவேன். ஒருநாள் அவளை அங்கே தனியாகப் பார்த்துவிட்டு அந்த டீச்சரம்மா என்னிடம் வந்தார்.

“ஏன் சார் வெளிய அனுப்புனீக?”

“போர்டுல படம் போடுறேன். அவ சும்மா உக்காந்து என்ன செய்ய, டீச்சர்?”

“படத்தை வாயால சொல்லுங்க சார். ‘இந்தக் கோடு, அந்தக் கோடு’ன்னா அவளுக்கு எந்தக் கோடு? ஏபி கோடுன்னு பேர் சொல்லுங்க, போதும்.”

மறுநாளிலிருந்து அப்படியே சொல்லிப் பழகினேன். கேட்கத்தான் அவள் இல்லை. அன்றோடு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

டீச்சரம்மா அவள் வீட்டுக்கு மூன்று தடவை போனார். கடைசித் தடவை திரும்பி வந்தவரிடம் விசாரித்தேன்.

“வர மாட்டேங்குறா சார். ‘எனக்குக் கணக்கு வராதுன்னுதான சார் வெளிய அனுப்புனாக’ன்னு கேக்குறா.”

“நீங்க என்ன சொன்னீக?”

“சாருக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியலைன்னு சொன்னேன். அவ நம்பலை சார்.”

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.