முன்பல்லின் சுவர்

முதலில் தெரிந்தது காப்பியில்தான். பாதிக் குவளை குடிப்பதற்குள் மேல்வரிசை முன்பல் ஒன்றில் சுருக்கென்று வலி ஏறி, மூக்கின் ஓரம்வரை போய் நின்றது. ஆறவைத்துக் குடித்தேன். ஒரு வாரத்தில் ஆறிய காப்பிக்கும் வலித்தது.

அப்போது மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்களுக்குச் சண்டை. மலாக்காவில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தை (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காலையில் சோதனை செய்து வெளியே விடுவார்கள். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். என் மனைவி அஞ்சலையையும் இரண்டு வயது மகளையும் பயந்துபோய் நான்தான் கப்பலேற்றி, ஊரில் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஆறு மாதம் என்று சொல்லி அனுப்பியது, மூன்று வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பல்வலியை யாரிடம் சொல்வது? தனியாக இருப்பவனுக்கு முனகக்கூடத் தோன்றாது. கேட்க ஆள் இருந்தால்தான் முனகல் வரும்.

தோட்டத்து டிரெசர் (மருந்து கொடுத்துக் காயம் கட்டுபவர்) வாயைப் பார்த்துவிட்டு, "புடுங்கிரலாம்லா. அஞ்சு நிமிச வேலை," என்றார்.

வேண்டாம் என்றேன். லயத்தில் முன்பல் போன ஆட்கள் பலர் இருந்தார்கள், நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்த வாரம்தான் அஞ்சலையின் கடிதம் வந்திருந்தது. இன்னும் நாலைந்து மாதத்தில் கப்பலேறுகிறாளாம். பாப்பாவுக்கு அப்பா முகம் மறந்துவிட்டது என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள். மகளை விடுங்கள், அஞ்சலையாவது என்னைத் தேட வேண்டியிருக்கக் கூடாது. அவள் விட்டுப்போன முகத்தோடு துறைமுகத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் வெளியே போகப் பாஸ் வாங்கிக்கொண்டு, பாயா ரும்புட் வழியாகப் போகும் பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். ஒரு கடைவீட்டு மாடியில் சிங்கப்பூரில் படித்த தமிழ்ப் பல் டாக்டர் இருந்தார். பல்லின் கூழ் (பல்லுக்கு நடுவில் நரம்பும் இரத்தமுமாக இருக்கும் மெத்தென்ற சதை) செத்துவிட்டது என்றார். அதை எடுத்துவிட்டு, வேர்க்குழாயை (அந்தச் சதை இருந்த துளை) சுத்தம் செய்து அடைத்தால் பல் நிற்கும். மூன்று நான்கு முறை வர வேண்டும்.

அவர் மேசையில் அரங்கள் (வேர்க்குழாயைத் தேய்க்கும் முறுக்கிய ஊசிகள்) வரிசையாக இருந்தன. ஒன்றைவிட ஒன்று மயிரளவு தடிமன். மெல்லியதில் தொடங்கித் தடித்ததற்குப் போவார். வலிக்கவில்லை. கரகரவென்ற சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. அரம் வெளியே வரும்போது அதில் முதலில் கறுப்பாகவும் பிறகு வெள்ளையாகவும் தூள் ஒட்டியிருந்தது.

"இந்த வெள்ளத் தூளு என்னங்க டாக்டர்?"

"ஒங்க பல்லுதான். உள்சுவத்துல அழுகல் ஏறியிருக்கும். கொஞ்சம் சீவித்தான் எடுக்கணும்."

நான் பால்மரம் வெட்டுகிறவன். சீவுவது என்றால் என்னவென்று தெரியும். பட்டையைச் சீவினால்தான் பால் வரும். ஒரு நூல் ஆழம் கூடினால் கத்தி கட்டையில் பட்டு மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். எங்கள் வெட்டைச் சோதிக்கும் கண்டக்டர் தினமும் அதற்காகவே திட்டிக்கொண்டு வருவார். நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோது, என்னை வெட்டுகிறவரைத் திட்ட ஒரு கண்டக்டர் இல்லையே என்று சிரிப்பு வந்தது. வாய் நிறையப் பஞ்சு. சிரிக்க முடியவில்லை.

மூன்றாவது முறை போக வேண்டிய நாளில் எங்கள் வட்டாரத்தில் ஊரடங்கு போட்டார்கள். காவலோடு வேலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்கள். டவுனுக்குப் பாஸ் கிடையாது. மூன்று வாரம் அப்படிப் போனது. பல்லில் வைத்திருந்த தற்காலிக அடைப்பு (அடுத்த முறைவரை துளையை மூடும் மருந்துமண்) உதிர்ந்து, மேலுதடு வீங்கிக்கொண்டது. அந்த நாட்கள்தான் மோசம். வேலை முடிந்து வந்து பலகைச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். பலகைக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டார் அரிசிப் பங்கீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் இருக்கிறேனா என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அஞ்சலைக்கு, 'இவ்விடம் நான் சுகம்' என்று எழுதினேன்.

மறுபடி போனபோது டாக்டர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு முன்பு தொடாத தடித்த அரங்களை எடுத்தார். அன்று வெள்ளைத் தூள் நிறைய வந்தது. அடைத்து முடித்ததும் கேட்டேன்.

"மரத்துல காயம் போட்டுட்டீங்களா டாக்டர்?"

அவருக்குப் புரியவில்லை. வெட்டைப் பற்றி விளக்கிச் சொன்னேன். கேட்டபடியே கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஓட்ட விழல. ஆனா சுவரு மெலிஞ்சிருச்சு. அழுகல விட்டா வீங்கும், எடுத்தா மெலியும். எனக்கு வேற வழி இல்ல. இனிமே இந்தப் பல்லால கடிக்காதீங்க. கரும்பு, எலும்பு, ஒண்ணும் வேணாம்."

கரும்பைத் தொடவில்லை. கோழி எலும்பை நாய்க்குப் போட்டேன். வலியே இல்லை. வலி போனதைச் சுகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பால் கோப்பையை மாட்ட, மரத்தைச் சுற்றிக் கம்பி கட்ட வேண்டும். இரண்டு கையும் மரத்தை அணைத்திருக்கும்போது, கம்பியின் ஒரு முனையை முன்பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வோம். யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்வோம். கப்பல் வர பதினோரு நாள் இருக்கும்போது நானும் செய்தேன். டக்கென்று சிறிய சத்தம். அப்போதும் வலிக்கவில்லை. உயிருள்ள பல்லாக இருந்தால் முன்பே கூசி, போதும் விடு என்று சொல்லியிருக்கும்.

நெடுக்குப் பிளவு (பல்லின் நுனியிலிருந்து வேர்வரை நீளவாக்கில் விரிசல்) என்றார் டாக்டர். ஒட்டவைக்க வழியில்லை. பிடுங்கி, இரண்டு துண்டையும் என் கையில் வைத்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். வேரின் சுவர் ஓரிடத்தில் முட்டை ஓடு போல இருந்தது. எப்படி உடைந்தது என்று சொன்னேன்.

"கம்பியக் கடிச்சீங்களா? அத நான் சொல்லலியே," என்றார்.

"நானும் கேக்கலியே டாக்டர்."

இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், உங்கள் வாய் அதில் எப்படி உதவுகிறது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குப் பல் தெரியும், நம் வேலை தெரியாது.

ஈறு ஆறாமல் பொய்ப்பல் கட்ட முடியாது. துறைமுகத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அஞ்சலை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

"அஞ்சல," என்றேன்.

திரும்பியவள் அங்கேயே நின்றுவிட்டாள். பல் போன இடத்தைப் பார்த்துத்தான் திகைக்கிறாள் என்று நினைத்து, கையால் மறைத்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"பல்லு கெடக்குதுங்க. இப்படியா மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பீங்க? யாரோன்னு நெனச்சேன்."

மூன்று வருஷம் யாரோடும் சிரிக்காமல் வாழ்ந்த முகம் அது. எனக்குப் பழகிப்போயிருந்தது. நான் ஒரு பல்லைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த இடத்தில் பொய்ப்பல் இருக்கிறது. வேலியைப் பிரித்துப் பல வருஷம் ஆகிவிட்டது, மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் மட்டும் நாக்கு தானாக அங்கே போய், யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்த்துவிட்டு வருகிறது.