கோமளாவின் மீட்டர்

பல்லிடுக்கில் ஈயக்கம்பியைக் கடித்துக்கொண்டுதான் கோமளா பற்றவைப்பார். ஒரு கையில் சால்டரிங் இரும்பு, மறு கையில் குறடு. மூன்றாவது கை இல்லாத குறைக்குப் பல். ஈயம் உடம்புக்கு ஆகாது என்று சொல்ல வந்தவர்களுக்கு, "கோவமுந்தானுங்க ஆகாது, அதையே தெனமும் தின்னுட்டுத்தான் இருக்கறேன்" என்று பதில் கிடைத்திருக்கிறது. தொலைபேசி மணியடித்தாலும் கம்பியை வாயிலிருந்து எடுக்க மாட்டார். எதிர்முனை "சார் இருக்காருங்களா?" என்று கேட்டால் மட்டும் கம்பி இரண்டாக அறுந்து கீழே விழும்.

பீளமேட்டு மாடி அறையொன்றில் அவர் செய்வது, மோட்டார் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்குக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் பளபளவென்று ஒரே ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டுவார். பட்டை எதிரே வரும்போதெல்லாம் ஓர் ஒளிக்கண் அதைப் பார்க்கும். பார்த்ததை மைக்ரோ கண்ட்ரோலர் சிப் எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று சிவப்பு எண்களில் காட்டும். "சிப்புக்கு மொகதாட்சண்யம் தெரியாதுங்க. கண்டதை எண்ணும், எண்ணுனதைச் சொல்லும்" என்பார். தனக்கும் அது தெரியாது என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை.

'சார்' என்று எல்லோரும் தேடுவது கணவர் பாலகோபாலை. அவர் கல்லூரியில் வணிகவியல் சொல்லித்தருகிறவர். வீட்டில் ஃபியூஸ் போனால் மனைவியைக் கூப்பிடுகிறவர். மீட்டரைப் பற்றி யாராவது கேட்டால் நல்ல ஆசிரியருக்குரிய நேர்மையோடு "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுவார். அதைத் தன்னடக்கம் என்று கணபதி வட்டாரத்து மோட்டார் பட்டறைகள் மெச்சுகின்றன.

அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. கோபம் மட்டும் கொங்குத் தமிழில். கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும். "உங்குளுக்கு அறிவுங்கறது இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்று கோமளா கேட்டதை நலம் விசாரிப்பாக எடுத்துக்கொண்டு காப்பி வாங்கிக் கொடுத்தவரும் உண்டு.

தொண்ணூற்றாறில், ஆயுத பூஜை முடிந்து பட்டறைகள் திறந்த அன்று அங்கப்பன் போன் செய்தார். கணபதியில் பம்பு மோட்டார் செய்கிறவர் அவர். கோமளாவின் மீட்டரை ஓட்டிப் பார்க்க வாங்கி வைத்திருந்தார். அவர் நல்லது என்றால் அந்தத் தெருவே வாங்கும். ஆகாது என்றால் அந்தத் தெருப் பக்கம் கோமளா போக வேண்டியதே இல்லை.

"சார் இருக்காருங்களா?"

கம்பி விழுந்தது. "எங்கிட்டச் சொல்லுங்க."

"இல்லீங்க, மீட்டர் சமாச்சாரம்..."

"மீட்டர் சமாச்சாரந்தானுங்களே, எங்கிட்டத்தான் சொல்லோணும்."

"ஆயிரத்து நானூத்தி நாப்பது சுத்தற மோட்டாருக்கு ரெண்டாயிரத்து எண்ணூத்தி எம்பது காட்டுதுங்க. பூசைக்கு முந்தி ஒழுங்காத்தான் இருந்துச்சு."

"என்ற மீட்டரு பொய் சொல்லாதுங்க. நீங்க காயிலைத் தப்பாக் கட்டியிருப்பீங்க."

மோட்டாருக்குள் செப்புக்கம்பிக் காயில் கட்டியே தலை நரைத்தவரிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. "சாயந்தரம் களட்டி வெச்சுபோடறேன். சாரை வந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்று அங்கப்பன் போனை வைத்துவிட்டார்.

"உங்களைத்தான் கூப்புடறாருங்க, வாங்க" என்று கணவரைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரை ஓட்டிப் போனார் கோமளா. பட்டறையில் பாலகோபாலுக்கு மீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். "அம்மணி, நீங்க அப்படி நெழல்ல உக்காருங்க, கலர் குடிக்கறீங்களா?" என்று கதவோரத்து பெஞ்சைக் காட்டினார் அங்கப்பன். கோமளா உட்காரவில்லை.

லேத்தில் சந்தனம், சுவிட்ச் போர்டில் சந்தனம், தொலைபேசியில் சந்தனம். மீட்டரின் கண்ணாடியிலும் குங்குமத்தோடு ஒரு பொட்டு. அதற்குப் பின்னால் 2880 என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"மோட்டாரை நிறுத்துங்க."

கப்ளிங் மெல்லச் சுற்றி நின்றது. அவர் ஒட்டிய வெள்ளைப் பட்டைக்கு நேர் எதிர்ப்புறத்தில், கறுப்புப் பெயிண்டின்மேல், தாராளமாக அப்பிய சந்தனம் காய்ந்து வெளுத்திருந்தது. கோமளா குனிந்து பார்த்தார்.

"ஒரு சுத்துக்கு ரெண்டு. என்ற பட்டை ஒண்ணு, உங்க பொட்டு ஒண்ணு. கண்டதை எண்ணியிருக்குது. காயிலைச் சொன்னது என்ற தப்புத்தானுங்க" என்றார், அதையும் அதட்டலாகவே. "இதைத் தொடச்சுபோட்டாச் சரியாப் போயிரும்."

அங்கப்பன் கையைக் குறுக்கே நீட்டினார். "தொடக்கூடாதுங்க அம்மணி! பூசைப் பொட்டு தானா உதுரோணும். போன வருசம் ஒருத்தன் தொடச்சான், மறுநாளே ஒரு மோட்டாரு பொகஞ்சுபோச்சு." பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், புரோகிராமுல ரெண்டால வகுத்துபோட்டாத் தீந்துச்சு. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் பாலகோபால்.

"பாருங்க, எத்தன பெரிய மனுசன்!"

கோமளாவின் குரல் மோட்டார் இல்லாமலே பட்டறையை அதிரவைத்தது. "சிப்புக்குப் பொய் சொல்லிக் குடுக்கச் சொல்றீங்களாக்கும்? பொட்டு உதுந்த அன்னிக்கு எழுநூத்தி இருவது காட்டும். அப்ப ரெண்டால பெருக்கறதுங்களா? ஒவ்வொரு பூசைக்கும் நான் வந்து கணக்கு மாத்தறதுங்களா? நல்லா இருப்பீங்க சாமி, ரொம்ப நல்லா இருப்பீங்க!"

அங்கப்பன் திருப்புளியை எடுத்துப் போய் மீட்டரின் முதல் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.

கோமளா சட்டென்று கப்ளிங் அருகே உட்கார்ந்தார். சந்தனத்தின்மேல் விரல் படாமல், தன் வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பி, சர்ரென்று அதை உரித்தெடுத்தார். கறுப்பின்மேல் இப்போது பொட்டு மட்டும்.

"உங்க சாமியையே எண்ணட்டுமுங்க."

"உதுந்துபோச்சுன்னா?"

"தெனமும் வெச்சு உடுங்க. புண்ணியமாவது சேரட்டும்."

சுவிட்சைக் கோமளாவே போட்டார். மோட்டார் முனகி, பிடித்து, சீராக இரைந்தது. கோமளா மீட்டரைப் பார்க்கவில்லை. அங்கப்பனின் முகத்தைப் பார்த்தார்.

"படிங்க."

"ஆயிரத்து நானூத்தி முப்பத்தெட்டுங்க, சார்" என்று அங்கப்பன் நாற்காலியிடம் சொன்னார்.

"எனக்குக் கேக்கலீங்க."

அங்கப்பன் அவர் பக்கம் திரும்பி, மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்திப் படித்தார். படித்து முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த திருப்புளியைக் கோமளா பிடுங்கி, பாதி கழன்றிருந்த திருகாணியை இதற்குமேல் முறுக்கினால் தலை முறியும் என்கிற அளவுக்கு இறுக்கினார்.