இன்னைக்கு என்ன கலர்?

செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார் பக்கத்து வீட்டுச் சாவிக்காரர். "யோசிக்காம சொல்லுங்க சார், இன்னைக்கு என்ன கலர்?" யோசித்தால் தப்பாகிவிடுமாம். முன்னறைச் சுவரோரம் நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், மேலே நீல விளக்கு, நடுவில் விரித்த கை அளவுக்கு ஒரு பவளம். நான் குனிந்து பார்த்து, "ரோஸ் மாதிரி இருக்கு" என்பேன். "மாதிரின்னா? ரோஸா, இல்லியா?" எனக்கு வாய் குழறும். தபால் கொண்டுவந்தவர், குழாய் பார்க்க வந்தவர், மாடி வீட்டுக்காரர், இந்தக் கேள்விக்கு யாரும் தப்பியதில்லை.

சாவிக்காரருக்கு பஸ் நிலைய வாசலில் ஒரு பெட்டிக் கடை. சாவி தொலைந்த பூட்டைக் கொடுத்தால் துவாரத்தை ஒரு தரம் பார்ப்பார், அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுப்பார், பூட்டு திறந்துகொள்ளும். விரல் அப்படி. கண்தான் தகராறு. சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் அவருக்கு ஒரே மண். "பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். தக்காளி பழமா காயான்னு அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன்." வளர்க்க எத்தனையோ இருக்க, நிறத்தை வைத்தே நோய் சொல்லும் பிராணியைப் போய்ப் பிடித்தாரே இந்த மனுஷன் என்று முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பிராணிதான். கல் என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு. "கல்லு அது கட்டின வீடு சார். மேல மெல்லிசாத் தோல் இருக்கு பாருங்க, அதுதான் ஆளு." ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வீடு காலி செய்து போன ஒரு வாடிக்கையாளர் கட்டைவிரல் நீளத் துண்டாக டப்பாவில் போட்டுக் கொடுத்தது. இன்று பதினேழு கிளை. விடிந்ததும் எண்ணிவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

இத்தனை வருஷமும் அவருக்குக் கண்ணாக இருந்தது அவர் மனைவி; எனக்கு அக்கா என்றே கூப்பிட்டுப் பழக்கம். அக்கா துணிக்கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். நிறத்துக்குப் பெயர் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். அதை நிற அட்டையோடு ஒத்துப் பார்த்து, தண்ணீரில் சத்து எவ்வளவு என்று சொல்வதும் அக்காதான். அவர் சொல்லச் சொல்ல இவர் நோட்டில் எழுதுவார். முதல் வருஷங்களில் பக்கத்துக்குப் பக்கம் தாமரை, தாமரை, 'நல்ல தாமரை'. பிறகு வெங்காயத் தோல். பிறகு செங்கல். கடைசி இரண்டு வருஷமாக 'அழுக்குப் பழுப்பு'.

பவளம் பழுப்பேறினால் தண்ணீரில் சத்து மிஞ்சிவிட்டது, வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தமாம். மனுஷன் சும்மா இருப்பாரா? தீனியைக் குறைத்தார். வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றினார். விளக்கின் குமிழைத் திருகி வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். வெளிறினால் வைத்தியம் நேர் எதிர். தீனியைக் கூட்டி, விளக்கைக் குறைக்க வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அக்காவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண்ணுக்கு அடுத்த வியாழன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர், கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தொட்டியைப் பார்த்து அலறிவிட்டார். "ஐயோ, என்னங்க இது, வெளிறிப் போய்க் கிடக்கு!" வலது கண்ணை மூடிக்கொண்டார். "இல்லியே, பழுப்பாத்தான் இருக்கு." திறந்தார். "வெளுப்புதாங்க." சாவிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு பவளமா சார்?" என்று என் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டார்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. மாடி வீட்டுக்காரர் ஆரஞ்சு என்றார். குழாய்க்காரர் சாம்பல் என்றார். என்னைக் கேட்காதீர்கள், அந்த நீல வெளிச்சத்தில் என் சட்டையே எனக்கு யாருடைய சட்டையோவாகத் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு டியூப் லைட்டில் பார்த்தால் என்ன என்று வாயைக் கொடுத்தேன். "டியூப் லைட்ல ஊர்ல உள்ள எல்லாப் பவளமும் பழுப்புதான் சார்." போட்டோ எடுத்தால் எல்லாமே நீலம். புதுக் கண்ணைத்தான் நம்புவோமே என்றால், கொஞ்ச நாளைக்கு அது எல்லாவற்றையும் வெளுப்பாகக் காட்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.

நேற்றுச் சாயங்காலம் போனபோது குமிழின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்று நாளாக அதே நிலைதான் என்றார் அக்கா. கூட்டுவதா, குறைப்பதா? இரண்டு கிளைகளின் நுனியில் தோல் உரிந்து வெள்ளைக் கூடு வெளியே தெரிந்தது. "வெள்ளை எனக்கும் தெரியும் சார். தப்பான பக்கம் திருப்பினேன்னா மிச்சமும் ஒரு வாரத்துல போயிடும். ஒன்பது வருஷம். மண்டை காயுது."

என் கையில் ஏதாவது இருந்தால் தேவலை என்று நோட்டை எடுத்துப் புரட்டினேன். நிறத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள். "'மங்கலா தெரியுதுங்கறா. விளக்கைக் கூட்டினேன்'னு போட்டிருக்கீங்களே," என்று படித்துக் காட்டினேன். அடுத்த மாதமும் அதே. மழைக்காலத்தில் ஒன்று. போன வருஷம் ஒன்று. படித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"நானும் பவளந்தான் மங்குதுன்னு நெனச்சேங்க," என்றார் அக்கா.

சாவிக்காரர் நோட்டை வாங்கி அந்த நாலு இடத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். "நாலு தடவை சொல்லியிருக்கா சார். நாலு தடவையும் விளக்கைத்தான் கூட்டியிருக்கேன்." "அப்ப பவளம் பழுப்பாகவே இல்லியா? இல்ல, பழுப்பாகித்தான் தேறுச்சா? நான்தான் பட்டினி போட்டுட்டேனா? எனக்கு ஒண்ணும் புரியல சார்."

"இருங்க, இந்தத் தடவை நல்லாப் பார்த்துச் சொல்றேன்." அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் போட்டுக்கொண்டு தொட்டியை நெருங்கிக் குனிந்தார். தலைக்கு மேலே விளக்கு தகதகவென்று எரிந்தது. ஒரு கணம்தான். "ஸ்ஸ்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்; புதுக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சாவிக்காரர் குமிழை ஒரே திருப்பாகக் கீழே இறக்கினார். தொட்டிக்குள் விட்டு விட்டு உப்புப் பிசுபிசுத்த மற்றக் கையைச் சட்டையில் ஒரு தரம் துடைத்தார், இன்னொரு தரம் துடைத்தார், அப்புறம் விளக்குக்கும் அக்கா முகத்துக்கும் நடுவே, மேலே பட்டுவிடாமல், விரித்துப் பிடித்துக்கொண்டார்.