டயரின் வழுக்கை

என் மனைவியின் மணிக்கட்டை உடைத்தவன் நான்! பழியை மட்டும் அவள் தலையில் கட்டினேன். ஏழு வருடமாகிறது... இன்னும் அவிழ்க்கவில்லை.

அதற்குள் முகம் சுளிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

நான் வளைகுடாவில் விமானச் சக்கரங்களின் பிரேக்கைப் பார்க்கும் மெக்கானிக். விடுப்பில் தென்காசிக்கு வந்தால், டீக்கடையில் என் இலவசப் பாடம் தொடங்கிவிடும்.

"சக்கரம் உருண்டாத்தாம்லே பிரேக்குக்கு மதிப்பு. பூட்டிக்கிட்டா சறுக்கும். ஒரு சக்கரம் மட்டும் சட்டுனு மெதுவாச்சுன்னா சென்சார் கண்டுபிடிச்சிரும். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள பிரேக்க விட்டு விட்டுப் பிடிக்கும்!"

ஓடுபாதையில் தண்ணீர் நின்றால், வேகத்தில் டயர் தரையைத் தொடாமல் நீர்மேல் மிதந்துவிடும். அந்த நீர் வெளியேறத்தான் டயரில் பள்ள வரிகள். வரி தேய்ந்தால் டயரைக் கழற்றியே ஆகவேண்டும்... இப்படியெல்லாம் முழங்குவேன்.

அந்தப் பேரறிஞனின் ஸ்கூட்டர் டயர் எப்படி இருந்தது தெரியுமா? என் தலையைப் போல வழுக்கை. ஒரு வரி கிடையாது!

அன்று நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டு இலஞ்சி வழியாகத் திரும்பினோம். பின்னால் என் மனைவி செல்வி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். வளைவில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது.

ஊருக்கே பாடம் நடத்திய நான் என்ன செய்தேன்? பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன்... விடவேயில்லை! சக்கரம் பூட்டியது. இருவரும் சாலையில் கிடந்தோம்.

ஆஸ்பத்திரியில் என் மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், ஏரோப்ளேனுக்கே பிரேக் பாக்குதிய, ஸ்கூட்டர்ல போயி விழுந்திருக்கியளே!"

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. "ஒங்கக்கா பின்னால ஆடிக்கிட்டே வந்தா. நான் என்னத்தப் பிடிக்க?"

கட்டுப்போட்ட இடது கையோடு செல்வி என்னைப் பார்த்தாள். "ஆமா, நான்தான் ஆடிட்டேன் போல. ஒங்களுக்கு அடி படலியே, அது போதும்."

மறுநாள் விடிந்ததும், யாரும் பார்க்குமுன் டயரை மாற்றினேன். எவ்வளவு வேகம் பாருங்கள்!

இந்த வருடச் சாரலுக்கும் போனோம். ஐந்தருவியிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள், அந்த வளைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு, சிலையாக உட்கார்ந்திருந்தாள். தாண்டிய பிறகு கேட்டாள்: "நான் ஆடலல்லா?"

சொல்லிவிடு, சொல்லிவிடு... வாயைத் திறந்தேன்.

"ஆடலட்டி," என்றேன்.

அவள் நிம்மதியாக என் தோளில் கையை வைத்தாள். இடது கை... சாரலுக்கு அது இன்னும் வலிக்கும்.