நகக்காரரின் செங்கல் பாட்டு

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நகக்காரர் என்றால்தான் தெரியும். வலது கையில் மட்டும் நகம் வளர்த்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுகூட அதை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருப்பவரை வேறு எப்படித்தான் அழைப்பது? கிளாசிக்கல் கிட்டாரை நகத்தால் மீட்ட வேண்டும். நகம் உடைந்தால் தொழில் படுத்துவிடும். ஆகவே பூட்டு, தாழ்ப்பாள், டப்பா மூடி எதையும் அவர் வலது கையால் தொடமாட்டார்.

"டப்பா திறக்கக்கூட ஆள் தேடுற மனுஷனைக் கட்டிக்கிட்டேன்" என்று அவர் மனைவி சொல்லிக்காட்டாத நாளில்லை.

வயிற்றுப் பாட்டுக்கு இசைப்பள்ளியில் வாத்தியார் வேலை. மனசுக்கு வேறொரு வேலை. படகு இழுப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், சாலை போடுபவர்கள் பாடும் பாட்டுகளைத் தேடிப் போய்க் கேட்டு, கிட்டாருக்கு ஏற்ப அமைத்து வாசிப்பார். மூன்று விரல் ஒரு குரலாகவும் கட்டைவிரல் இன்னொரு குரலாகவும் பாட, ஒரே ஆள் ஒரு கும்பலாகக் கேட்பார். இத்தனைக்கும் கிடைத்த மரியாதை, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான்.

"நல்ல விரல் சார் உங்களுக்கு. எதுக்கு இந்த மூட்டை தூக்குற பாட்டெல்லாம்?" என்பார் பள்ளி முதல்வர்.

சரி, மூட்டை தூக்குகிறவர்களாவது கொண்டாடினார்களா? ஒருமுறை மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டினார். பொறுமையாகக் கேட்ட மேஸ்திரி, "நல்லா இருக்குங்க. எங்க பாட்டை எப்ப வாசிப்பீங்க?" என்று கேட்டார்.

இதெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். அது அக்கா.

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள் அக்காதான். செங்கல் சூளையில் கல் சுமந்து படிக்க வைத்தாள். பழைய கிட்டார் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தாள். ஆனால் சூளைப் பக்கம் மட்டும் தம்பியை எட்டிப் பார்க்க விட்டதில்லை. "அந்தத் தூசி என்னோட போகட்டும்" என்பாள். அதனால் சூளையில் கல் சுமப்பவர்கள் பாடும் செங்கல் பாட்டை, அக்கா பாட, அவர் வீட்டில் வைத்துத்தான் கேட்டார். பாட்டை எழுதிக்கொள்ள உட்கார்ந்த அன்றும் அக்கா ஓரிடத்தில் இருந்தாளா? காய் நறுக்கியபடி குந்தி உட்கார்ந்து தொடங்கினாள், அடுப்படியில் நின்று முடித்தாள். அவர் பென்சிலும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார்.

அவர் அமைத்ததிலேயே சிறந்தது அந்தப் பாட்டுதான். அதை அக்கா ஒருமுறை கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். வாழ்க்கையில் அவர் கேட்டது அவ்வளவுதான். அது நடக்கவில்லை. அவர் வாசிப்பார். அக்கா ஆசையாகத்தான் வந்து உட்காருவாள், தலையைக்கூட ஆட்டுவாள். நடுவில் மெட்டு மேலே ஏறும் ஓர் இடம் உண்டு. சரியாக அங்கே எழுந்து போய்விடுவாள். கொடியில் துணி எடுக்க, குழாயை மூட, ஏதோ ஒன்று. செவிடன் காதில் ஊதிய சங்காகிப் போனோமே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன்க்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்கவில்லை. ரோஷம்! அக்காவுக்கே அலுக்கிறதென்றால் குற்றம் அந்த இடத்தில்தான் என்று அவராக முடிவு கட்டினார். நீளம் அதிகமோ என்று பாதியாகக் குறைத்தார். அக்கா எழுந்து போனாள். சத்தத்தைக் குறைத்து, கம்பியை விரல் நுனியால் வருடுகிற மாதிரி மாற்றினார். அக்கா எழுந்து போனாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான பிறகும் போனாள். கடைசியில் ஒருநாள் அந்த இடத்தையே மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, முன்னையும் பின்னையும் ஒட்டித் தைத்தார். ஆனால் அதை அக்காவிடம் வாசித்துக் காட்டவில்லை. இனி அவள் முன்னால் கிட்டாரைத் தொடுவதில்லை என்று சபதம்.

வெட்டிய வடிவம்தான் அவருடைய பாட்டுப் புத்தகத்தில் அச்சேறியது. வெளியீட்டு விழாவன்று அவர் மேடையேறி, இடது காலைச் சிறு பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், முன்வரிசையில் அக்கா! மனைவி கூட்டி வந்திருந்தாள். "உங்க ரோஷத்துக்கு உங்க அக்கா என்ன பண்ணுவாங்க?" என்று காலையிலேயே சொன்னவள்தான்.

செங்கல் பாட்டைத் தொடங்கினார். ஓரக்கண் முழுக்க அக்காவின் மேல்தான். அவள் முழங்காலில் கைகளை ஊன்றி, நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். போச்சு, கிளம்பிவிட்டாள் என்று நினைத்தார். கிளம்பவில்லை. அப்படியே இருந்தாள். பாட்டு முடிந்தது. அரங்கம் கை தட்டியது. அக்கா நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அக்கா வந்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டியேக்கா! இப்பதான் பிடிச்சுதா?"

"எப்பவும் பிடிக்கும்டா. ஆனா இன்னைக்கு எந்திரிக்கிற இடம் வரவே இல்லையே? இப்ப வரும், இப்ப வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"எந்திரிக்கிற இடமா?"

"ஆமா. சூளையில பலகை நிறைய கல்லை அடுக்கித் தலையில வெச்சுக்கிட்டு வரிசையா குந்தியிருப்போம். ஒருத்தி முந்திக்கிட்டு எந்திரிச்சா பக்கத்துல இருக்கறவ கல்லு சரிஞ்சிடும். அதனால பாட்டு மேல ஏறுற இடத்துல எல்லாரும் ஒண்ணா எந்திரிக்கணும். இப்பவும் அது வந்தா கால் தானா எந்திரிச்சிடுது. எந்திரிச்சா சும்மா நிக்க முடியுமா? கையில அகப்படுற வேலையைப் பார்ப்பேன்."

அக்கா அவர் தோளைத் தட்டினாள்.

"நீ ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தை என்ன அழகா வாசிப்ப! உடம்பெல்லாம் சிலிர்க்கும். இன்னைக்கு என்னடா, எங்களைத் தலைச்சுமையோட குந்த வெச்சே முடிச்சிட்ட?"

பதிப்பாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "சார், புத்தகத்தோட வரிசையில நிக்கிறாங்க. கையெழுத்துப் போட வாங்க."

நகக்காரர் அசையவில்லை. அவருடைய வலது கட்டைவிரல் வாய்க்குள் இருந்ததை முதலில் பார்த்தது மனைவிதான்.

"ஐயோ, நகம்!" என்றாள்.

அதற்குள் கடித்துத் துப்பிவிட்டிருந்தார்.